கேள்வி எழுதப்பட்ட தேதி: கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் இணையதளம் பற்றி ஒரு மதிப்புரை

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று மாரடைப்பை 20 சதவீதம் குறைக்கிறது என்ற செய்தியைக் கைப்பேசியில் காட்டி, "இது எனக்கும் பொருந்துமா, கொஞ்சம் பாரேன்" என்று அப்பா கேட்டார். அவருக்கு ஒருமுறை மாரடைப்பு வந்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் அவருடைய கேள்விக்கு விடை கிடைக்காததால், அந்த மருந்துச் சோதனையின் பதிவையே பார்த்துவிடலாம் என்று கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் தளத்தைத் திறந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. மருத்துவரல்லாத ஒரு வாசகனுக்கு இந்தத் தளம் எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

இதை நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி உருவாக்கப்பட்டு 2000 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்தப் பதிவேட்டில் இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் உள்ளன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஒவ்வோர் ஆய்வுக்கும் என்சிடி என்று தொடங்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. செய்திக்கட்டுரையிலோ மருத்துவ இதழிலோ அந்த எண் கண்ணில் பட்டால் அதைக் குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பெயரைக் கொண்டு தேடுவதை விட எண்ணைக் கொண்டு தேடுவது பல மடங்கு எளிது.

அப்பா காட்டிய செய்திக்கு அடிப்படையாக இருந்த சோதனையின் பெயர் செலக்ட். எண் என்சிடி 03574597. செமாக்ளூடைட் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ஊசியாகப் பெற்றவர்களையும் மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களையும் ஒப்பிட்ட அந்தச் சோதனையில் 17,604 பேர் பங்கேற்றனர். முடிவு 2023இல் வெளியானது. செய்தியில் இல்லாதது தகுதி நிபந்தனைகள் என்ற பகுதியில் இருந்தது: வயது 45 அல்லது அதற்கு மேல், உடல் நிறைக் குறியீடு 27 அல்லது அதற்கு மேல், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் இரத்தக்குழாய் அடைப்போ வந்திருக்க வேண்டும், சர்க்கரை நோய் இருக்கக் கூடாது. அதாவது, இதய நோயே வராத ஒருவருக்கு இந்த மருந்து மாரடைப்பைத் தடுக்குமா என்று இந்தச் சோதனை கேட்கவே இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருந்தாலும் அவருடைய உடல் நிறைக் குறியீடு 24தான். இது அவரைப் போன்றவர்களிடம் சோதிக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த 20 சதவீதத்தையும் பிரித்துப் பார்த்தேன். மருந்து பெற்ற 8,803 பேரில் 569 பேருக்கும், போலி ஊசி பெற்ற 8,801 பேரில் 701 பேருக்கும் இதயநோய் மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ நேர்ந்திருக்கிறது; நூற்றுக்கு எட்டுப் பேர் என்றிருந்தது ஆறரைப் பேராகக் குறைந்திருக்கிறது. சராசரியாக 40 மாதங்கள் தொடர்ந்து கண்காணித்ததில் கிடைத்த வேறுபாடு இது. பாதகமான விளைவுகளால் ஊசியை நிறுத்தியவர்கள் மருந்துக் குழுவில் 16.6 சதவீதம், மற்ற குழுவில் 8.2 சதவீதம். 20 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் இந்த எண்களைப் பார்த்த பிறகு அது வேறு மாதிரியாகத்தான் தெரிகிறது.

எனினும் இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு முடிவுகளில் இல்லை என்பது என் கருத்து. முடிவுகளை இதழ்களிலும் படித்துக்கொள்ளலாம். எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறோம் என்பதை விடை தெரிவதற்கு முன்பே ஆய்வாளர்கள் எழுதிவைத்திருப்பதுதான் இங்கே கிடைக்கும் அரிய பொருள். முதன்மை விளைவு என்ற தலைப்பின் கீழ் அது இருக்கும். பதிவு வரலாறு என்ற பகுதிக்குப் போனால், அந்த வரிகள் என்றைக்கு எழுதப்பட்டன, பின்னர் எந்தத் தேதியில் எந்தச் சொல் மாற்றப்பட்டது என்பதை இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோதனை பாதி நடந்த பிறகு முதன்மை விளைவு மாறியிருந்தால் அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அது மாறியது என்பதை யாரும் மறைக்க முடியாது.

இதன் பயனை எனக்கு உணர்த்தியது வைட்டல் என்ற தடுப்புச் சோதனை; எண் என்சிடி 01169259. வைட்டமின் டி மாத்திரையும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பும் புற்றுநோயையும் இதயநோயையும் தடுக்குமா என்று 25,871 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டி எழுதிவைத்த இரண்டு முதன்மைக் கேள்விகளுக்கும் இரண்டு மாத்திரைகளும் 'இல்லை' என்றே விடை தந்தன. ஆனால் துணைக் கேள்விகளில் ஒன்றான மாரடைப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, ஒமேகா-3 எடுத்தவர்களிடம் அது 28 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் யாராவது எடுத்து நீட்டும்போதெல்லாம், பதிவேட்டில் அது எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்கிறேன். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்காவது தற்செயலாக நல்ல விடை வந்துவிடக்கூடும் என்பதால், முதலில் எழுதப்பட்ட கேள்விக்கும் பிறகு பொறுக்கி எடுத்த விடைக்கும் ஒரே மதிப்பைத் தர முடியாது.

பதிவு கட்டாயமானதால் என்ன மாறியது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் நிதியில் நடந்த பெரிய இதயநோய்ச் சோதனைகளை எடுத்து 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17 சோதனைகள் முதன்மை விளைவில் நன்மையைக் காட்டின. 2000க்குப் பின் வெளியான 25இல் இரண்டு மட்டுமே காட்டின. மருந்துகள் திடீரென்று மோசமாகிவிட்டன என்று எண்ணத் தேவையில்லை. கேள்வியை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியையே அவர்கள் முக்கியக் காரணமாகச் சுட்டினர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யாரைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலையும் பொறுமையாகப் படிப்பது நல்லது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குக் கீழே கொண்டுவருவதற்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவந்தால் என்னவாகும் என்று கேட்ட ஸ்பிரிண்ட் சோதனை 9,361 பேரிடம் நடந்து, நன்மை தெளிவாகத் தெரிந்ததால் 2015இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இதயம் சார்ந்த பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மயக்கமும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. ஆனால் சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவே இல்லை என்பதைத் தகுதி நிபந்தனைகளைப் படிக்காதவர்கள் அறிய வழியில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான தெளிவான விடை வர ஒன்பது ஆண்டுகள் ஆயின: சீனாவில் 12,821 பேரிடம் நடந்து 2024இல் வெளியான பிபிரோட் சோதனையில், அதே 120 என்ற இலக்கு அவர்களுக்கும் பாதிப்புகளை 21 சதவீதம் குறைத்தது. இப்படி ஒரு சோதனை விட்ட இடைவெளியை இன்னொன்று நிரப்புவதைத் தேடிப் பிடிப்பதில் ஒரு துப்பறியும் இன்பம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அளவுகோலின் விவரத்தை இங்கே படிக்காமல் செய்தியை நம்பியிருந்தால் நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய இன்னொரு மருந்து, அல்சைமர் நோயின் ஆரம்ப கட்டத்துக்கான லெக்கனெமாப். 2022இல் வெளியான அதன் மூன்றாம் கட்டச் சோதனையில், அதாவது ஒப்புதலுக்கு முன் பலரிடம் நடத்தும் பெரிய சோதனையில், 1,795 பேர் இருந்தனர். நோயின் போக்கு 27 சதவீதம் மெதுவானது என்றே எல்லாரும் எழுதினார்கள். முதன்மை விளைவோ நினைவாற்றலையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும், 0 முதல் 18 புள்ளிகள் வரை செல்லும் ஓர் அளவுகோல்; புள்ளி கூடினால் நோய் மோசம் என்று பொருள். 18 மாத முடிவில் மருந்துக் குழு 1.21 புள்ளியும் மற்ற குழு 1.66 புள்ளியும் மோசமாகியிருந்தன. வேறுபாடு 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அந்த அரைப்புள்ளிக்கும் குறைவான வேறுபாடு வீட்டில் உள்ளவர்களின் கண்ணுக்குத் தெரியுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி குறைகள். 2023இல் தளத்தின் தோற்றத்தைப் புதுப்பித்த பிறகு தேடுவது எளிதாகியிருக்கிறது. நோய், சிகிச்சை, இடம் என்று தனித்தனித் தேடல் பெட்டிகள் உள்ளன. ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து ஆய்வாளர்கள் ஆய்வாளர்களுக்கு எழுதியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே. முடிவுப் பட்டியல்களில் பாதகமான விளைவுகள் உடலுறுப்பு வாரியாக நீண்டுகொண்டே போகின்றன. எது மருந்தால் வந்தது, எது தற்செயலாக வந்தது என்று பிரித்துச் சொல்ல யாரும் இல்லை. முதன்முறை அந்தப் பட்டியலைப் படித்த இரவு, எந்த மருந்தையுமே தொட வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு குழுக்களின் எண்களையும் அருகருகே வைத்துப் படிக்கப் பழகிய பிறகே அந்தப் பயம் போயிற்று.

தடுப்பு முறைகளைத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மூன்றாம் கட்டம் என்று வடிகட்டினால் மருந்துகளே அதிகம் கண்ணில் படும். உடற்பயிற்சி, உணவு, பழக்கவழக்கம் போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வுகளுக்குக் கட்டம் பொருந்தாது என்றே பொதுவாகக் குறிப்பிடப்படுவதால் அவை கைநழுவிப் போகும். 600 சீனக் கிராமங்களில் 20,995 பேரிடம் சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து, பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததை 2021இல் காட்டிய ஆய்வைப் போன்றவற்றைத் தவறவிட்டால் நட்டம் நமக்குத்தான். ஆகவே கட்டத்தை வைத்து வடிகட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

எல்லாச் சோதனைகளும் இங்கேதான் இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் சாப்பிட்டாலும் இரவில் சாப்பிட்டாலும் இதயத்துக்கு ஒன்றுதான் என்று 21,104 பேரிடம் கண்டறிந்து 2022இல் வெளியான டைம் சோதனை, ஐஎஸ்ஆர்சிடிஎன் என்ற வேறொரு பதிவேட்டில் பதிவானது. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பதிவேடுகளைத் திரட்டி ஒரு தேடல் தளம் நடத்துகிறது. அதன் தோற்றம் பழையது என்றாலும், ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும்.

சோதனை ஒன்றில் சேர இடம் தேடுபவர்களுக்கு இந்தத் தளத்தை அரைமனதோடுதான் பரிந்துரைப்பேன். நெருங்கிய உறவினர் ஒருவரின் சிறுநீரக நோய்க்காக, பங்கேற்பாளர்கள் சேர்க்கப்படுகின்றனர் என்ற குறிப்போடு இருந்த ஓர் ஆய்வின் தொடர்பு முகவரிக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. மூன்றாம் முறை வந்த ஒற்றை வரிப் பதிலில், சேர்க்கை முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன என்றிருந்தது. விவரங்களைப் பதிவதும் புதுப்பிப்பதும் ஆய்வை நடத்துபவர்களின் பொறுப்பு என்பதால், அவர்கள் சோம்பினால் பதிவும் சோம்பிக் கிடக்கும். நிலை தெரியவில்லை என்ற குறிப்போடு இருப்பவை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக யாரும் சரிபார்க்காமல் விட்டுவைத்தவை. அவற்றுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஓர் ஆய்வு பட்டியலில் இருப்பதால் அதை அரசு மதிப்பிட்டு ஏற்றது என்று பொருளில்லை என்று தளமே எச்சரிக்கிறது. நோயாளியிடமே பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் நிரூபிக்கப்படாத ஸ்டெம்செல் சிகிச்சைகளும் இந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பதால் அந்த எச்சரிக்கையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தியைச் சரிபார்க்கும் கருவியாக ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன்; சேர இடம் தேடும் கருவியாக இரண்டுக்கு மேல் தர மனமில்லை.

இப்போது நான் அவ்வப்போது எட்டிப் பார்க்கும் பதிவு, லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்பைக் குறைக்கும் பெலகார்சன் ஊசியைப் பற்றியது. உணவுக் கட்டுப்பாட்டுக்கு அசைந்து கொடுக்காத அந்தக் கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பும் குறையுமா என்பதே கேள்வி. 2019 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சோதனையில் இருப்பவர்கள் 8,323 பேர். முடிவு எப்போது வரும் என்பதை இதில் நாள்காட்டி மட்டும் நிர்ணயிப்பதில்லை: முன்கூட்டிக் கணக்கிட்ட எண்ணிக்கையில் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் சேர்ந்தால்தான் முடிவை எடுக்க முடியும் என்பதால், 2025இல் எதிர்பார்க்கப்பட்ட விடை தள்ளிப்போனது. பங்கேற்றவர்களுக்கு எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே நோய் தாக்குகிறது என்பதால் வந்த தாமதம் அது. அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் அந்தக் கொழுப்பு அதிகம். "வந்துவிட்டதா?" என்று மாதம் ஒருமுறை கேட்கிறார், "இன்னும் இல்லை, அப்பா" என்று பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன்.