14,800 ரூபாய் போச்சு: பெங்களூரில் அனிமே பொம்மை வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மூன்று நெண்டராய்டுக்கு 14,800 ரூபாய் கொடுத்தேன். வந்திருப்பது மூன்றும் டூப்ளிகேட். கேட்டதற்கு ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டே வந்தவன், நேற்று இரவு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. இந்த ஊரில் இந்தப் பொம்மைகளைச் சேர்க்கிற தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் போவதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன். நெண்டராய்டு என்பது ஜப்பானின் குட் ஸ்மைல் கம்பெனி 2006 முதல் வெளியிட்டு வரும் பொம்மை வரிசை. சுமார் 10 செ.மீ. உயரம், பெரிய தலை, சின்ன உடம்பு. முன்முடியைக் கழற்றினால் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு முகம் மாட்டலாம். கை, கால்களையும் மாற்றலாம். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து, யோசித்து யோசித்துத்தான் நான் ஒன்றை வாங்குவேன்.

இவனைப் பார்த்தது ஒரு வார இறுதி அனிமே கண்காட்சியில். கடை என்று தனியாக எதுவும் கிடையாது. படம் போடுகிற செயலி ஒன்றில் பக்கம் வைத்து விற்பவன், அங்கே ஒரு ஸ்டால் போட்டிருந்தான். பெயரை நான் இங்கே போடப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவான், நீங்கள் இந்தப் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருப்பீர்கள். இவனுடைய முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

நான் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே ஸ்டாலைப் பார்த்தேன். போனை வைத்ததும், “அக்கா, தமிழா? நானும் தமிழ்தான், ஆம்பூர்” என்றான். கன்னடம், ஹிந்தி, இங்கிலீஷ் என்று மாறி மாறிப் பேசியே பொழுது போகிற ஊரில், அப்படி ஒருத்தர் கேட்டால் மனசு இளகாமல் என்ன செய்யும்? அல்சூரில் வீடு என்றதும் அங்கே அவனுக்கு ஒரு சித்தி இருப்பதாகச் சொன்னான். அப்புறம் நருட்டோ என்கிற அனிமே தொடரில் வரும் ககாஷியின் பொம்மை ஒன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்தான். “பிரிச்சுப் பாருங்க அக்கா, தொட்டாதான் ஒரிஜினல் தெரியும்.” பளபளப்பில்லாத மென்மையான பெயின்ட். நெற்றிப்பட்டையின் கோடு கூர்மையாக இருந்தது. முகம் லேசாகக் கழன்று, திரும்ப மாட்டியபோது அச்சாக உட்கார்ந்தது. அது ஒரிஜினல்தான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதிரிக்கு ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஆர்டருக்குப் போலியை அனுப்புவதுதான் இவன் தொழில்.

“நீங்களே ஜப்பான்ல இருந்து வரவழைச்சா வரிலயே பாதி போயிடும் அக்கா, நான் மொத்தமா எடுக்கிறேன்” என்றான். வரி அதிகம் என்பது உண்மைதான். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உண்மையைச் சொல்லித்தான் இவன் ஏமாற்றுகிறான். விலையும் சந்தேகப்படும்படி மலிவாக இல்லை. நெசுகோ, ககாஷி, லீவாய் என்று மூன்று அனிமே பாத்திரங்களின் பொம்மைக்கும் சேர்த்து 14,800. அன்றே யுபிஐ-யில் 5,000 முன்பணம் அனுப்பினேன்.

“கஸ்டம்ஸ்ல நிக்குது அக்கா” என்று ஒரு மாதம் ஓடியது. கேட்கும்போதெல்லாம் மரியாதையாகத்தான் பதில் வந்தது. பிறகு ஒரு நாள் வீடியோ அனுப்பினான். மேசைமேல் மூன்று பெட்டிகள், பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரும் தேதியும். பெட்டியின் மூலையில் குட் ஸ்மைல் லோகோ தெளிவாகத் தெரிந்தது. மீதி 9,800-ஐ அப்போதே அனுப்பினேன். இதற்கு மேல் ஒருத்தரிடம் என்ன அத்தாட்சி கேட்பது?

வந்த பார்சலில் அந்தப் பெட்டிகள் இல்லை. மெல்லிய அட்டை, வெளிறிய அச்சு. லோகோ இருக்க வேண்டிய இடம் காலி. பதிப்புரிமை யாருடையது என்று போடும் வரியும் இல்லை. திறந்ததுமே பெட்ரோல் மாதிரி ஒரு நெடி, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. நெசுகோவின் கூந்தல் கறுப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும். அதுதான் அவளுக்கு அழகே. இதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிறம் மாறுகிறது. வாயிலிருக்கும் மூங்கிலின் பச்சை கன்னம் வரை வழிந்திருக்கிறது. ககாஷியின் தலை கழுத்தில் நிற்கவே இல்லை, கை எடுத்தால் விழுகிறது. லீவாயின் வாள் இரண்டும் வளைந்து கிடக்கின்றன, பிடியைக் கையில் செருகவும் முடியவில்லை. இதற்கா 14,800 ரூபாய்?

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: “இது ரீ-ரிலீஸ் அக்கா, புது பேட்ச் இப்படித்தான் வரும்.” ரீ-ரிலீஸ் என்றால் பழைய பொம்மையை அதே கம்பெனி மறுபடி வெளியிடுவது. அதில் கம்பெனியின் லோகோ எப்படிக் காணாமல் போகும்? அதைக் கேட்டதும், “எல்லாமே சைனாலதான் செய்றாங்க, ஒரிஜினலும் சைனாதான்” என்றான். ஒரிஜினல்களில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் உருவானவைதான், அது எனக்கும் தெரியும். ஆனால் அவை உரிமம் வாங்கிச் செய்தவை. இது அச்சைத் திருடி ஊற்றிய பிளாஸ்டிக். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

அடுத்து, பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ கேட்டான். இருந்தது, அனுப்பினேன். பார்த்துவிட்டு, “பெட்டியைத் திறந்துட்டீங்களே, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்றான். திறக்காமல் எப்படி அந்த வீடியோவை எடுப்பது? அப்புறம் வேறு ஒருவன் ஹிந்தியில் பேசினான், ஓனர் ஊரில் இல்லை என்றான். “அக்கா அக்கா” என்று உருகியவன் அதோடு சரி. நேற்று இரவு பிளாக்.

பேங்க்கில் கேட்டால், “நீங்களே பின் போட்டு அனுப்பினது மேடம், எங்களால் திருப்ப முடியாது.” ஸ்டேஷனில் அதைவிட மோசம். பொம்மைக்கா 14,800 ரூபாய் என்று ஒருவர் சிரித்தார். பொருள் வந்துவிட்டதால் இது சைபர் கேஸ் ஆகாது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். எதற்குச் செலவு செய்தேன் என்பது என் விஷயம். அது என் உழைப்பின் பணம். தங்க வளையலில் பித்தளை கலந்து கொடுத்திருந்தால் சிரித்திருப்பார்களா?

நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் எதிராளியின் விலாசம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு யுபிஐ ஐடியும், பார்சலில் எழுதியிருந்த பாதி விலாசமும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன்.

வாங்குவது எப்படி என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ஸ்டாலில் பிடித்திருந்தால் கையில் பார்த்த அதே பெட்டியைப் பணம் கொடுத்து அங்கேயே எடுத்து வாருங்கள், ஆர்டர் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணும் விலாசமும் உள்ள பில் தராதவனிடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீடியோவில் காட்டும் பெட்டியை நம்பாதீர்கள். பணம் அனுப்பிய பிறகு ஆளே காணாமல் போனால் நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஆம்பூர் என்று சொல்லித் தமிழில் பேசி, ககாஷியைக் கையில் கொடுத்து ஆர்டர் எடுத்த ஆளிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண் (பேங்க் தரும் பரிவர்த்தனை எண்), சாட், பார்சல் கவர் எதையும் அழிக்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். உங்கள் கவரில் மீதி விலாசம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அது கிடைத்தால் இந்த வாரமே மனு போட்டுவிடுவேன்.