பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகள் பி.ஏ. வரலாறு படிக்க: விக்டோரியாவா, கோவை அரசுக் கலைக் கல்லூரியா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழும் கேள்வி இது: பிள்ளையைப் பாலக்காட்டுக்கு அனுப்புவதா, எல்லை தாண்டிக் கோவைக்கு அனுப்புவதா? இயற்பியலோ வணிகவியலோ எடுப்பவர்களுக்குப் பாடம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரலாறு அப்படியில்லை. எந்த மாநிலத்தில் படிக்கிறோமோ அந்த மாநிலத்தின் கதைதான் அங்கே முன்னால் நிற்கும். எல்லையில் வாழும் நமக்கு இரண்டு கதைகளுமே சொந்தம் என்பதால், நன்றாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் படிப்பின் நீளம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை நடக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் பட்டத்தோடு வெளியே வரலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் ஹானர்ஸ். வரலாற்றை மேஜராக (முதன்மைப் பாடமாக) வைத்துக்கொண்டு வேறு துறைகளை மைனராக (துணைப்பாடமாக) எடுக்கவும் வழி உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பழைய மூன்றாண்டு முறைதான்: தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம். ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருப்பவருக்கு நான்காம் ஆண்டு பெரிய லாபம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கியவர் எம்.ஏ. இல்லாமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிமுறை இடம் தருகிறது.

அப்புறம் சேர்க்கை. பலர் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான். கேரளக் கிராம அலுவலகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் கொண்டு தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. வெளிமாநிலத்தவராகப் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயும் தமிழ்நாட்டில் 6ஆம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கே. வீட்டில் தமிழ் பேசுகிறோம், பள்ளியிலும் தமிழிலேயே படித்தோம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஆனால் தெரிந்துகொண்டு போவதே நல்லது. விக்டோரியாவில் இந்தச் சிக்கல் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர அலாட்மென்ட்டில் நம் சான்றிதழ் அப்படியே செல்லும்.

மொழியில் கோவைக்கே சாதகம். தமிழ் வழியில் படிக்கலாம், தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். பாலக்காட்டில் பாடமொழி ஆங்கிலம், விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். மலையாளம் நமக்குக் காதில் பழகிய மொழிதான், சந்தையில் பேசிச் சமாளிப்போம். ஆனால் பத்து மதிப்பெண் விடையை ஆங்கிலத்தில் கோர்வையாக எழுதுவது வேறு வேலை. முதல் இரண்டு செமஸ்டர் கடினமாகத்தான் இருக்கும். விக்டோரியாவில் தமிழ்த்துறை இருப்பது ஓர் ஆறுதல்.

சரி, பாடத்துக்கு வருவோம். வைக்கம் சத்தியாகிரகத்தை (1924–25) எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது முதன்மையாகப் பெரியார் சிறை சென்ற போராட்டம். கேரளத்தில் டி.கே. மாதவன், கே. கேளப்பன், ஸ்ரீ நாராயண குரு, காந்தி என்று கதை விரியும். 1956 மொழிவாரி மாநிலப் பிரிப்பும் இப்படியே. கேரளத்தில் அது ஐக்கிய கேரளம் பிறந்த ஆண்டு. தமிழ்நாட்டில் அது, நேசமணி தலைமையில் கன்னியாகுமரி கிடைத்ததும் தேவிகுளம், பீர்மேடு கைவிட்டுப் போனதும் சேர்ந்த ஆண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மறுபக்கத்தைத் தானாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

பழங்காலத்துக்குப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நாம் தினமும் கடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கொங்கு நாடும் மேற்குக் கடற்கரையும் வணிகம் செய்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மணிகள் செய்த கொடுமணலைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்கிறது. அதைப் பாடிய புலவர்கள் புகழ்ந்ததோ சேரர்களை. மேற்கு முனையில், கேரளக் கடற்கரையை ஒட்டிய பட்டணம் என்ற ஊரில் அகழாய்வு 2007இல் தொடங்கியது. சேரப் பெருமாள்கள் காலத்துக் கேரளக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் இருக்கின்றன, அவற்றின் மொழி தமிழுக்கு மிக நெருக்கம். கேரள வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் தம் ஆய்வைக் கட்டியது அவற்றின் மீதுதான். தமிழ் இலக்கணம் தெரிந்த நம் பிள்ளை விக்டோரியா வகுப்பில் உட்கார்ந்தால், இந்தப் பகுதியில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கும்.

உள்ளூர் வரலாறு எழுத நினைத்தால் இன்னொரு விஷயம். பாலக்காடு நகரம் 1956 வரை சென்னை மாகாணத்தின் (பிறகு சென்னை மாநிலத்தின்) மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து ஊர். அதனால் பாலக்காட்டுப் பழைய பதிவேடுகளுக்குக் கோழிக்கோடு அல்லது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், சித்தூருக்கு எர்ணாகுளம் என்று அலைய வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் வாசிப்பவருக்கே இந்த வேலை முழுதாகக் கைகூடும்.

வேலையைப் பொறுத்தவரை, எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. கேரளத்தின் தமிழ் வழிப் பள்ளிகளுக்குச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் வேண்டும். டிகிரி, பி.எட்., கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்தவருக்கு அந்த வழி உண்டு. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் பணிக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பிஎஸ்சி) தனியாகவே ஆள் எடுக்கிறது. தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி எழுத நினைப்பவர், தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையை மனதில் வைக்க வேண்டும். பட்டத்தகுதிப் பணிகளில், பாலக்காட்டில் ஆங்கில வழியில் டிகிரி முடித்தவருக்கு அது கிடைக்காது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அவை போதும். பதினெட்டு வயதில் முழுநேரமாகப் படிக்க முடிந்தவர் வகுப்பையும் நூலகத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

என் முடிவு விக்டோரியா. சேர்க்கை நியாயமாகக் கிடைக்கிறது, நான்காம் ஆண்டு இருக்கிறது, மலையாள ஆவணங்களை வாசிக்கும் பழக்கம் வருகிறது. பொருளியலோ அரசியல் அறிவியலோ மைனராக எடுத்தால் பி.எட்.டுக்கும் போட்டித் தேர்வுக்கும் உதவும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவே பயப்படும் பிள்ளை என்றால், அல்லது குடும்பம் தமிழ்நாட்டுப் பக்கம் குடியேறப்போகிறது என்றால், தயங்காமல் கோவைக்கு அனுப்புங்கள். எதுவானாலும் இரண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்; ஒன்றின் முடிவுக்காகக் காத்திருந்து மற்றதன் கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம்.