கியரைக் கழற்றிய சைக்கிளும் ஓயாத செயின் தொய்வும்

இந்தக் கிழமை என் ஒற்றைக் கியர் சைக்கிளில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் சின்னப் பல்லுச்சக்கரத்தை மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. அதே நேரம் பார்த்து நண்பன் ஒருவன், தன்னுடைய பழைய மவுண்டன் சைக்கிளின் கியரெல்லாம் கழற்றி என்னுடையதைப் போல ஒற்றைக் கியராக்கலாமா என்று கேட்கிறான். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், ஆனாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

நல்லது நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, முழுக்கத் தட்டை நிலம். 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் வாங்கிய 21 கியர் சைக்கிள் இது. நான் பாவித்தது அதில் இரண்டு மூன்று கியர்தான், மற்றதெல்லாம் சும்மா கறள் பிடித்துக்கொண்டிருந்தன. உப்புக்காற்று கேபிளுக்குள் போய்விட்டால் கியர் மாறாது, மாறினால் திரும்பி வராது. இப்போது கியர்க் கேபிளும் இல்லை, கிளிக் சத்தமும் இல்லை. உழக்கினால் போகிறது, அவ்வளவுதான். வண்டியின் பாரமும் குறைந்தது. காலையில் ஒழுங்கைக்குள் போகும்போது ரயர் மண்ணில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அது எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

முன்னுக்கு 42 பல்லு, பின்னுக்கு 18. 26 அங்குலச் சில்லில் ஒரு முழுச் சுற்று உழக்கினால் ஏறத்தாழ 4.8 மீற்றர் போகும், நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு 20 கிலோமீற்றர். வேகம் கூட வேண்டுமென்றால் பின்னுக்கு 16 போடு என்று பெடியங்கள் சொல்வார்கள். கஸ்தூரியார் வீதியில் அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆனி ஆடியில் சோளகம் வீசும்போது பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் கடல், காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லை, அந்த இரண்டு பல்லின் வித்தியாசம் முழங்காலில் தெரியும். வல்லை வெளியும் அப்படித்தான். திரும்பி வரும்போது காற்று தள்ள, கால் வீணாகச் சுழலும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதிர்பாராத சந்தோஷம் பின் சில்லு. கியர் சைக்கிளில் ஏழு பல்லுச்சக்கரத்துக்கு இடம்விட வேண்டும் என்பதால், ரிம் நடுவில் நிற்க வலப்பக்கக் கம்பிகளை நன்றாக முறுக்கி, இடப்பக்கத்தைத் தொய்வாக விட்டிருப்பார்கள். ஒற்றைப் பிறீவீலை, அதாவது பின் சில்லின் பல்லுச்சக்கரத்தை, அதே புரியில் திருகிய பிறகு, செயின் நேர்கோட்டில் ஓடுவதற்காக அச்சின் வலப்பக்க வாஷர்களில் சிலதை இடப்பக்கம் மாற்றி, ரிம்மைத் திரும்ப நடுவுக்கு எடுக்க வேண்டும். அப்போது இரண்டு பக்கக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே விறைப்புக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வயதான ஐயா ஒருவர் இதைப் பொறுமையாகச் செய்து தந்தார். முன்பு அடிக்கடி கோட்டம் எடுக்கக் கொண்டுபோன சில்லு, இப்போது கரியரில் அரிசி மூட்டையோடு குழியில் விழுந்தாலும் அசைவதில்லை.

சரி, இப்போது அந்த டென்ஷனர்.

இந்த மாதிரி பிறேமில் பின் அச்சு உட்காரும் வெட்டு செங்குத்தாக இருக்கும். சில்லை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தவே முடியாது. செயினில் ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றினால் ஒரு அங்குலம் குறையும், அச்சு அரை அங்குலம் முன்னுக்கு வரவேண்டும். பின்னுக்கு ஒரு பல்லு கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு 3 மில்லிமீற்றர் அளவு நகரவேண்டும். நகர இடமில்லாத வெட்டில் இந்தக் கணக்கு தற்செயலாகத்தான் பொருந்தும். பொருந்தினாலும் நிலைக்காது, ஓட ஓடச் செயின் தேய்ந்து நீளும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும், அது பதினாறில் ஒரு அங்குலம் கூடினாலே செயினை மாற்றும் காலம். அதற்கு வெகு முன்பே தொய்வு வந்து, குழியில் விழுந்ததும் செயின் கழன்றுவிடும். ஆகவேதான் ஸ்பிரிங் வைத்த ஒரு கையில் சின்னச் சக்கரத்தைப் பூட்டிச் செயினை இழுத்துப் பிடிக்கிறோம். அந்தச் சக்கரத்துக்குள் மணல் போகிறது, உப்பு போகிறது, கிறீச்சிடுகிறது, பிறகு ஆடுகிறது, ஆடினால் செயின் உரசுகிறது. எதற்காகக் கியரைக் கழற்றினேனோ அதே தலையிடி வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. புதுச் சக்கரம் தந்த கடைக்காரர் இது வாழ்நாளுக்கும் போதும் என்றார். ஒரு மாரிக்குக்கூடக் காணவில்லை. அச்சு மையம் விலகிய ஹப், அதாவது சில்லின் நடுக்குடம், வெளிநாட்டில் கிடைக்கிறது, அச்சைச் சுழற்றி வைத்தே தொய்வை எடுக்கலாம், இங்கே ஒரு கடையிலும் நான் காணவில்லை.

பழைய றலி, லுமாலா சைக்கிள்களைப் பாருங்கள். வெட்டு படுக்கையாக இருக்கிறது, நட்டை இளக்கிச் சில்லைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினால் வேலை முடிந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் இந்த ஊரே அப்படியான சைக்கிள்களில்தான் ஓடியது, மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி வானொலியும் கேட்டார்கள். அந்த வண்டிகளில் டென்ஷனரை நான் கண்டதே இல்லை.

ஆகவே மச்சான், செய்யாதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை. முதலில் குனிந்து உன் பிறேமின் வெட்டைப் பார். படுக்கையாக இருந்தால் நாளைக்கே கொண்டு வா, பிறீவீலை நானே திருகித் தருகிறேன். செங்குத்து என்றால் கியரோடு வைத்துக்கொள், கேபிளை மட்டும் வருசத்துக்கு ஒருமுறை மாற்று. அப்புறம், கோண்டாவில் இணுவில் பக்கம் யாரிடமாவது கறள் அதிகம் தின்னாத பழைய றலி பிறேம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நியாயமான விலைக்கு எடுக்கிறேன்.