விதி தெளிவாக இருக்கிறதா, விடை ஒன்றுதானா: இணையப் புதிர்ப் போட்டிகளில் என் நீண்டகால அனுபவம்

பல ஆண்டுகளாக இணையத்தில் நடக்கும் தர்க்கப் புதிர்ப் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறேன். இருப்பது கிளிநொச்சியில். உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அவர்களில் சிலரும் என் பெறாமகளும் இப்போது என்னோடு சேர்ந்து புதிர் போடுகிறார்கள். உலகப் புதிர்க் கூட்டமைப்பின் கிராண்ட் பிரீ சுற்றுகள், லொஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா நடத்தும் போட்டிகள், ஜெர்மனியின் லொஜிக் மாஸ்டர்ஸ் தளத்தில் ஆர்வலர்களே இயற்றிப் போடும் புதிர்கள், இவற்றோடு சின்னச் சின்னப் போட்டிகள் பலவும் பார்த்தாயிற்று. நான் சொன்ன மூன்றிலும் சேரக் காசு தேவையில்லை. "எதில் சேரலாம் சேர்?" என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு போட்டியை எடைபோட நான் முதலில் பார்ப்பது புதிர் எவ்வளவு அழகு, எவ்வளவு கடினம் என்பதை அல்ல. விதிகளை எப்படி எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு புதிருக்கும் ஒரே ஒரு விடைதான் என்பதை உறுதிப்படுத்தியிருக்கிறார்களா, இவ்வளவும்தான். நாள் போகப் போக இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்றும் புரிந்தது. விதியில் ஒரு வரி விடுபட்டால், நேற்றுவரை ஒரே விடை இருந்த புதிருக்கு இன்று இரண்டு விடை வந்துவிடும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. உலகப் புதிர்ச் சம்பியன்ஷிப் 1992 இல் நியூயோர்க்கில் தொடங்கியது. சுடோகுவுக்கான உலகச் சம்பியன்ஷிப் 2006 இல் இத்தாலியின் லூக்கா நகரில் முதன்முதலாக நடந்தது. 2017 இல் இரண்டும் பெங்களூருக்கு வந்தன. அவ்வளவு பக்கத்தில் நடந்தும் இங்கிருந்து போய் வர விசா, பயணச் செலவு என்று எத்தனையோ தடைகள். இணையப் போட்டிகளுக்கு அந்தத் தடை இல்லை. வழக்கம் இதுதான்: போட்டிக்குச் சில நாட்கள் முன்னரே விதிக் கையேடு வெளியாகும். அதில் எந்த வகைப் புதிர்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் விதி என்ன, எத்தனை புள்ளி, விடையை எப்படிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் மாதிரிப் புதிரோடு இருக்கும். போட்டி திறந்திருக்கும் நாட்களில் நமக்கு வசதியான நேரத்தில் தொடங்கலாம். தொடங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

சில போட்டிகளில் புதிர்க் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி முன்கூட்டியே தந்துவிடுவார்கள், தொடங்கும்போது கடவுச்சொல் மட்டும் கிடைக்கும். இது வன்னிக்கு மிகவும் பொருந்துகிற ஏற்பாடு. சிக்னல் நல்லாக இருக்கும் நேரம் பார்த்துக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். போட்டி நேரத்தில் ஒரு சொல் வந்து சேர்ந்தால் போதும். 2022 இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போன நாட்களில்கூட, நேரத்தை நாமே தெரிவு செய்யலாம் என்பதால் எங்களால் எழுத முடிந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரே குறை, அச்செடுத்துத் தாளில் செய்ய விரும்புகிறவர் வீட்டிலேயே பிறிண்டர் வைத்திருக்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு கொமியுனிகேஷன் கடைக்கு ஓட முடியாது. என் மாணவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்த்துக் கொப்பியில் கட்டம் கீறித்தான் செய்கிறார்கள்.

சரி, விதிக்கு வருவோம்.

கில்லர் சுடோகுவை எடுங்கள். சாதாரண சுடோகு போலவே ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறைதான் வரும். அதோடு சில கட்டங்களைக் கோட்டால் சூழ்ந்து 'கூண்டு' ஆக்கி, அதற்குள் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை தரப்பட்டிருக்கும். ஒரே கூண்டுக்குள் ஓர் எண் இரண்டு முறை வரலாமா? பழகியவர்கள் "வராது, அது தெரிந்ததுதானே" என்பார்கள். ஆனால் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்று கட்டங்கள் 'ட' வடிவில் இருக்கின்றன, கூட்டுத்தொகை 7 என்று வைப்போம். எண் திரும்ப வராது என்றால் 1, 2, 4 என்ற ஒரே கூட்டம்தான். திரும்ப வரலாம் என்றால், அந்த வடிவின் இரு நுனிக் கட்டங்களும் வேறு வேறு பெட்டிகளில் இருக்கும்போது 1-5-1, 2-3-2, 3-1-3 என்று இன்னும் மூன்று வழிகள் திறக்கும். ஒரு கூண்டுக்கே இப்படியென்றால் முழுப் புதிரும் என்னவாகும்?

கூடாரப் புதிரில் இது இன்னும் நுணுக்கமானது. மரங்கள் தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கூடாரம் மேலோ கீழோ பக்கத்திலோ ஒட்டி இருக்க வேண்டும், கூடாரங்கள் ஒன்றையொன்று மூலையால்கூடத் தொடக்கூடாது. பல கையேடுகள் இத்தோடு நிறுத்திவிடும். இப்போது இப்படி யோசியுங்கள். ஒரு மரத்துக்கு இடமும் வலமுமாக இரண்டு கூடாரங்கள். வேறோர் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கூடாரம். மொத்தம் மூன்று மரம், மூன்று கூடாரம். எந்த மரமும் கூடாரம் இல்லாமல் இல்லை, எந்தக் கூடாரமும் மரம் இல்லாமல் இல்லை. எழுதிய விதிப்படி இது சரி. ஆனால் இயற்றியவர் மனதில் இருந்தது, மரத்தையும் கூடாரத்தையும் ஒன்றுக்கொன்றாகச் சோடி சேர்க்க முடிய வேண்டும் என்பது. அப்படிப் பார்த்தால் இது பிழை. சோடி பற்றிய அந்த ஒரு வரியை எழுதுகிற கையேட்டை நான் நம்புவேன். சோடிகளை வேறு விதமாகவும் சேர்க்க முடிந்தால் பரவாயில்லை, கூடாரங்களின் இடம் ஒன்றாக இருந்தால் போதும் என்று கூடவே எழுதினால் இன்னும் நல்லது. அதையும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.

க்ரொப்கி என்ற எண் புதிர் வகையில் அடுத்தடுத்த கட்டங்களுக்கு நடுவே வட்டங்கள் வரும். வெள்ளை என்றால் இரண்டு எண்களும் தொடர் எண்கள், கறுப்பு என்றால் ஒன்று மற்றதன் இருமடங்கு. வட்டம் இல்லாத இடத்துக்கு என்ன பொருள்? எல்லா வட்டங்களும் தரப்பட்டுள்ளன என்று சொன்னால், வட்டம் இல்லாமையும் ஒரு தகவலாகிவிடும். சொல்லாவிட்டால் அங்கே எதுவும் வரலாம். 1 உம் 2 உம் பக்கத்தில் வந்தால் எந்த நிறம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு விதியும் அங்கே பொருந்துகின்றன.

இந்த வகைப் புதிரில்தான் என் பெறாமகளுக்கு ஒரு கசப்பான அனுபவம். போட்டியின் பெயர் வேண்டாம். அவள் கட்டத்தை முடித்துவிட்டு, ஒரு மூலையில் இரண்டு விதமாகவும் நிரப்ப முடிவதைக் கண்டு நின்றுவிட்டாள். "சித்தப்பா, இதுக்கு ரெண்டு விடை வருது, நான் எங்கயோ பிழை விட்டிட்டன்" என்றாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவள் முதலில் இருந்து அழித்துச் செய்தாள், மீண்டும் அதே இரண்டு. கடைசியில் ஒன்றைப் பதிந்தாள், பிழை என்று வந்தது. பிறகு கையேட்டைத் திரும்ப வாசித்தோம். எல்லா வட்டங்களும் தரப்பட்டுள்ளன என்ற வரி எங்கும் இல்லை. நடத்தியவர்களுக்கு எழுதினோம். "வழக்கம்போல எல்லாம் தரப்பட்டுள்ளன" என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் இரண்டு விடைகளுக்கும் புள்ளி தந்தார்கள். அது நியாயமான முடிவு, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவள் அழித்துச் செய்த நேரத்தில் அடுத்த இரண்டு புதிர்களை முடித்திருப்பாள். அந்த நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

அந்த 'வழக்கம்போல' என்பதில்தான் எனக்கு வருத்தம். வழக்கம் யாருக்குத் தெரியும்? பெரிய நகரத்தில் கழகம் வைத்து, மூத்தவர்களோடு இருந்து பழகியவர்களுக்குத் தெரியும். ஒட்டுசுட்டானில் இருந்தோ மல்லாவியில் இருந்தோ கைத்தொலைபேசியில் முதன்முதலாக நுழைகிற பிள்ளைக்குக் கையேடு ஒன்றுதான் ஆசிரியர். விதி அரைகுறையாக இருந்தால் அதன் சுமை எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. எங்கள் பக்கம் ஒரே காணிக்கு இரண்டு குடும்பங்களின் கையில் பத்திரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு குடும்பமும் பொய் சொல்வதில்லை, எழுதிக் கொடுத்த இடத்தில்தான் சரிபார்க்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு விடை உள்ள புதிரும் அப்படித்தான். பிழை நிரப்பியவருடையது அல்ல.

விடை ஒன்றுதானா என்று பார்ப்பது எளிதல்ல என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சுடோகுவில் சில விஷயங்கள் கண்ணாலேயே தெரியும். தரப்பட்ட எண்களில் குறைந்தது எட்டு வகை எண்களாவது இருக்க வேண்டும். இரண்டு எண்கள் எங்குமே தரப்படவில்லை என்றால், விடையில் அவை இரண்டையும் இடம் மாற்றினால் இன்னொரு விடை கிடைத்துவிடும். 17 எண்களுக்குக் குறைவாகத் தந்து ஒரே விடையுள்ள சுடோகு செய்ய முடியாது என்று 2012 இல் அயர்லாந்தின் கேரி மக்குவயரின் குழு கணினியால் நிறுவியது. அதற்காக 17 தந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுபதுக்கு மேல் தந்தும் இரண்டு விடை வரலாம்: இரண்டு நிரை, இரண்டு நிரல், இரண்டு பெட்டிக்குள் அமையும் நான்கு கட்டங்களில் 3 உம் 7 உம் மாறி மாறி நிற்கும் விடையை எடுத்து, அந்த நான்கை மட்டும் வெறுமையாக விடுங்கள். 77 எண்கள் தந்தும் விடை இரண்டு.

இதே அமைப்பைத் திருப்பிப் பிடித்து வேகமாகச் செய்கிறவர்களும் உண்டு. மூன்று கட்டங்களில் 3, 7 மட்டும் வரலாம், நான்காவதில் 3, 7, 9 வரலாம் என்றால், விடை ஒன்றே என்ற நம்பிக்கையில் நேராக 9 ஐப் போட்டுவிடுவார்கள். போட்டியில் இது முறைகேடு அல்ல. எனக்கு வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்காது, ஏனென்றால் புதிரின் விதிகளில் இருந்து அந்த 9 வரவில்லை, இயற்றியவர் மேலுள்ள நம்பிக்கையில் இருந்து வருகிறது. ஆனால் அந்த நம்பிக்கையில் பிள்ளைகள் நிமிடக் கணக்கில் நேரம் மிச்சப்படுத்துகிறார்கள் என்பதால், ஒரே விடை என்ற உறுதியையும் கையேட்டில் ஒரு விதியாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு விடை கையில் இருக்கும்போது இன்னொன்று இருக்கிறதா என்று தேடுவது பொதுவாகவே கடினமான கணக்கு. யாட்டோ, செட்டா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003 இல் சுடோகு, கக்குரோ (கூட்டுத்தொகைப் புதிர்), ஸ்லிதர்லிங்க் (ஒரே வளையமாகக் கோடு கீறும் புதிர்) ஆகியவற்றுக்கு இதைக் காட்டினார்கள். அது எவ்வளவு பெரிய கட்டத்துக்கும் பொருந்தும் பொதுக் கூற்று. போட்டியில் வரும் அளவுகளைக் கணினி நொடியில் சரிபார்த்துவிடும். ஆகவே சாட்டுச் சொல்ல இடமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. இயற்றியவர் கணினிக்குக் கொடுத்த விதியும் கையேட்டில் எழுதிய விதியும் ஒன்றாக இருக்க வேண்டும். என் பெறாமகள் செய்த அந்தப் புதிரில், எல்லா வட்டங்களும் தரப்பட்டுள்ளன என்று வைத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். மென்பொருள் சரி என்று சொல்லியிருக்கும். கையேட்டில்தான் அந்த வரி ஏறவில்லை. இதற்கு நல்ல மருந்து, இயற்றியவரோடு பழக்கமில்லாத ஒருவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்வது.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறையில் போட்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. நல்ல போட்டிகள் கையேடு வந்த நாளில் இருந்தே சந்தேகம் கேட்க இடம் வைத்து, பதிலை எல்லோரும் பார்க்கும்படி போட்டு, தேவைப்பட்டால் கையேட்டையே திருத்தி, எது மாறியது என்றும் குறிப்பிடுகின்றன. கேட்டவருக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுகிற போட்டிகளை நான் விட்டுவிட்டேன். போட்டி திறந்த பிறகு பிழை தெரிய வந்தால் எந்த வழியும் முழு நியாயமாக இராது. புதிரை நீக்கினால் ஏற்கெனவே முடித்தவர்களுக்கு இழப்பு. எல்லோருக்கும் புள்ளி கொடுத்தால் தொடாதவருக்கும் கிடைக்கும். எழுதிய விதிக்குப் பொருந்துகிற எந்த விடையையும் ஏற்றுக்கொண்டு, இனித் தொடங்குகிறவர்களுக்கு முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை போடுவதுதான் இருப்பதில் நல்லது.

விடை பதியும் முறையையும் பாருங்கள். முழுக் கட்டத்தையும் பதியாமல் குறித்த இரண்டு நிரைகளை மட்டும் கேட்கும் போட்டிகள் நிறைய. டேட்டா குறைவாக உள்ள இடத்துக்கு அது வசதி. ஸ்லிதர்லிங்க் போல கோடு கீறும் புதிர்களில் எதை எண்ணிப் பதிவது என்பதற்கு மாதிரி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சரியாகச் செய்துவிட்டுப் பதிவில் தோற்கலாம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதலில் லொஜிக் மாஸ்டர்ஸ் இந்தியாவின் பழைய போட்டி ஒன்றின் கையேட்டையும் புதிர்க் கோப்பையும் எடுத்து, நேரம் பார்க்காமல் வீட்டில் செய்யுங்கள். அது பழகியதும் கிராண்ட் பிரீக்குப் போகலாம். ஜெர்மன் தளம் அதற்கும் பிறகு, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி விதி எழுதுகிறார்கள், வாசித்துப் பழக நல்ல இடம். வேறு எந்தப் போட்டி என்றாலும், பதிவு செய்யுமுன் கையேட்டைத் திறந்து கில்லர், கூடாரம், க்ரொப்கி மூன்றில் எது இருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எண் திரும்ப வருமா, சோடி உண்டா, வட்டமெல்லாம் தரப்பட்டதா என்பதற்குப் பதில் அங்கேயே இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, பதில் எங்கே, எப்படி வருகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.