காரில் வைக்கும் வெயில் முதலுதவிப் பை: பாதிச் சரக்கு காய்ச்சலுக்கானது

மூடிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு உதவும் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால் இந்தப் பையை வாங்கினேன். தையல் உறுதி, ஜிப் நன்றாக ஓடுகிறது. வம்பெல்லாம் உள்ளே இருக்கும் சாமான்களில்தான்.

திறந்ததும் கைக்கு வருவது பாராசிட்டமால் சிரப். காய்ச்சல் என்றால் மூளையே உடம்பின் சூட்டை ஏற்றி வைக்கிறது, அதை இறக்க இந்த மருந்து கேட்கும். வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) சூடு வெளியிலிருந்து ஏறியது, சிரப் அங்கே எடுபடாது, ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் பாரம்தான். தவிர, மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும் ஆபத்து உண்டு, அதனால் ஓஆர்எஸ் (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலமும் தெளிவாக விழித்திருந்து விழுங்கக்கூடிய குழந்தைக்கு மட்டுமே. நெற்றியில் ஒட்டும் ஜெல் பட்டை சும்மா அலங்காரம்.

எனக்குக் கோபம் வந்தது உள்ளே வைத்திருக்கும் அட்டையைப் படித்தபோது. முதல் வரியே "வெப்பநிலையை அளக்கவும்"! உடம்புக்குள் 40 டிகிரியைத் தாண்டிக் கொதித்தாலும் வியர்த்த நெற்றியில் வைக்கும் வெப்பமானி குறைத்துக் காட்டலாம், அதை நம்பி உட்கார்ந்தால் நேரம் போய்விடும். குழந்தையை நிழலுக்குத் தூக்கி வந்து, ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, இன்னொருவர் உடனே துணியைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிற வேண்டும், வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. குழாய்த் தண்ணீரே போதும். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. மூச்சே இல்லையென்றால் உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது. இதில் பாதிகூட அட்டையில் இல்லை.

உருப்படியானவை இரண்டு: பேட்டரி விசிறி, கசக்கினால் குளிரும் ஐஸ் பை. ஆனால் ஐஸ் பை ஒன்றே ஒன்றுதான், கழுத்து, இரண்டு அக்குள், தொடை இடுக்கு என்று வைக்க எப்படிப் போதும்? தெளிப்பான் பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்காது. அப்புறம், பூட்டிய காரின் கண்ணாடியை உடைக்க ஒரு சின்னச் சுத்தியல்கூட இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா, குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் கண்ணாடியை உடைத்துத்தான் ஆகணும்.

சிரப்பை வீட்டு அலமாரிக்கு மாற்றிவிட்டேன், காரில் கிடந்தால் அந்தச் சூட்டில் அதுவே கெட்டுவிடும். அந்த இடத்தில் ஒரு சுத்தியலும், பக்கத்தில் பெரிய தண்ணீர் கேனும் வைத்திருக்கிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் விசிறிக்காக.