கோச்சஸ் ஃபிலிமில் தெரியும் குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் வீடியோ சேவை என்எஃப்எல் பிளஸ். அதில் பிரீமியம் சந்தா எடுத்ததே ‘கோச்சஸ் ஃபிலிம்’ பகுதிக்காகத்தான். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இதில் 22 பேரும் ஒன்றாகத் தெரிகிறார்கள். பந்து கைக்கு வந்ததும், அதை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ஆளை எதிரணியினர் மறித்துவிட்டார்கள், இரண்டாவது ஆளும் அப்படியே. சரி என்று மூன்றாவது ஆளுக்கு, அவர் திரும்பும் முன்பே பந்து கிளம்பிவிடுகிறது. ஜெயிக்கிறவன் யார் என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது!

அப்புறம், முழு ஆட்டங்களையும் மறுபடி பார்க்கலாம். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், 57-வதில், இடைவேளையின்போது கன்சாஸ் சிட்டி அணி 14-24 என்று பின்தங்கியிருந்தது. கணுக்கால் வலியோடு கடைசிக் கட்டத்தில் 26 யார்டு ஓடினார் அந்த அணியின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ், முடிவில் 38-35 என்று வெற்றி. அந்த ஓட்டத்தை மட்டும் எத்தனை முறை பார்த்திருப்பேனோ!