கமராத் திரையில் படம் தெரிகிறதா? ‘ரிகவரி’க்குக் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் கமரா வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

மருமகளின் சாமத்திய வீடு உப்புவெளியில் நடந்தது. படம், வீடியோ எல்லாம் அக்காவின் சோனி கமராவில்தான். பிறகு லப்டொப்பில் ஏற்றப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. வயரைச் செருகினால் கமராவில் சார்ஜ் விளக்கு எரிகிறது, லப்டொப்போ கண்டுகொள்ளவே இல்லை. நான் கொழும்பில் நின்ற நேரம். அக்கா டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அங்கிருந்த பெடியன் கமராவின் மெமரி கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கார்ட் கரப்ட் அக்கா, ரிகவரி போடோணும், 6,500 ரூபாய் வரும்” என்றானாம். கார்ட் பழுது, படங்களை மீட்டெடுக்கவேண்டும் என்று அர்த்தம். வெளிச்சத்தில் பிடித்தே கார்டின் வருத்தத்தைச் சொல்லும் வைத்தியரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். “கமராவில படமெல்லாம் தெரியுதே தம்பி” என்று அக்கா கேட்க, “அது மேலோட்டமாத்தான் தெரியும், உள்ளுக்கு பழுது” என்று பதில்.

சுத்தப் பொய். கமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெளிவாக இருந்தால், கார்டில் அந்தப் படம் நல்லபடி இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் வயரிலோ, கார்டை லப்டொப்பில் போட்டு வாசிக்கும் கார்ட் ரீடரிலோ, கமராவின் யூ.எஸ்.பி. அமைப்பிலோதான். எங்கள் விஷயத்தில் வயர். ரோச் லைட்டோடு வந்த வயர் அது. சாதாரண யூ.எஸ்.பி. வயருக்குள் மின்சாரத்துக்கு இரண்டும் தரவுக்கு இரண்டுமாக நாலு கம்பி இருக்கும். சில மலிவு வயர்களில் தரவுக் கம்பியே போடுவதில்லை. சார்ஜ் ஏறும், படம் ஏறாது. நான் வந்து வேறு வயரை மாட்டியதும் கமரா உடனே லப்டொப்பில் வந்துவிட்டது.

ரிகவரி போட்டதென்று சொல்லிக் கடையில் கொடுத்த பென்ட்ரைவைத் திறந்தேன். டி.எஸ்.சி. என்று தொடங்கும் பெயர்கள் வரிசை குலையாமல், எடுத்த திகதியோடு, கமரா போட்ட அதே ஃபோல்டரில் இருந்தன. போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளால் தோண்டி எடுத்த படங்களுக்குப் பழைய பெயர் பெரும்பாலும் மிஞ்சாது, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகத்தான் வரும். ஆக, கொப்பி அடித்ததற்குத்தான் 6,500 ரூபாய்.

சரி, காசு போகட்டும். வீடியோ ஒன்றுகூட இல்லை. ஏ.வி.சி.எச்.டி. முறையில் எடுக்கும் வீடியோவை சோனி கமரா படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். ஃபோல்டரில் வைக்காது. பிரைவேட் என்ற இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டுவிடும். இவன் டி.சி.ஐ.எம்.மை மட்டும் எடுத்துவிட்டுக் கார்டை ஃபோர்மட் பண்ணி, அதாவது வெறுமையாக்கி, கொடுத்திருக்கிறான். அம்மம்மா ஆலாத்தி எடுத்தது எல்லாம் அதில்தான். கேட்கப் போனால், “வீடியோ இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையே அண்ணை” என்கிறான்.

நல்ல காலம், அக்கா அந்தக் கார்டில் அதன்பிறகு ஒன்றும் எடுக்கவில்லை. ஃபோர்மட் செய்தாலும், மேலே புதிதாக எழுதப்படும்வரை பழையது பெரும்பாலும் உள்ளே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் போட்டோரெக்கை ஓட்டி வீடியோக்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். சில பாதியில் நின்றுவிடுகின்றன.

உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் வயரை மாற்றுங்கள். அப்புறம் கமரா மெனுவில் யூ.எஸ்.பி. இணைப்பை மாஸ் ஸ்டோரேஜில் (கமராவை ஒரு பென்ட்ரைவ் போலக் காட்டும் முறை) வைத்துப் பாருங்கள். பழைய கார்ட் ரீடர் சில 64 ஜி.பி. கார்டை வாசிக்காது, அந்த நேரம் விண்டோஸ் “ஃபோர்மட் செய்யவா” என்று கேட்கும். வேண்டாம் என்று மூடிவிட்டு வேறு ரீடரில் போடுங்கள். கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், உங்கள் கண்முன்னாலேயே கார்ட் முழுவதையும் கொப்பி எடுக்கச் சொல்லுங்கள், ஃபோர்மட் பண்ண விடாதீர்கள்.

பில் தரவில்லை, காசும் திரும்பவில்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடப் போகிறேன். அதே கடையில் ‘கார்ட் கரப்ட்’ என்று கேட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறையிடலாம்.